குத்துச்சண்டையில் ஒரு குட்டிச் சேவல்!

திருப்பூர் பனியனுக்கு மார்பளவு உண்டு. 80, 85, 90 என்று சென்டிமீட்டர் கணக்கு. குத்துச்சண்டை வீரருக்கோ எடைதான் அளவு. 53 கிலோக்காரரை 90 கிலோக்காரரோடு மோதவிட்டால் அது போட்டியா?

அந்த எடைப் பிரிவுகளில் ஒன்றுக்கு "பாண்டம்" என்று பெயர். தொழில்முறைச் சண்டையில் 118 ராத்தல், அதாவது சுமார் 53½ கிலோ வரை உள்ளவர்கள் இதில் சேர்வார்கள். பாண்டம் என்றால் நமக்குச் சட்டி பானை நினைவுக்கு வரும். அதுவல்ல. இது கோழி!

சேவற்கட்டைப் பற்றிக் கொங்கு நாட்டாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூலாம்வலசு என்றாலே போதும். ஆனால் இந்தச் சேவல் கடல் கடந்தது.

ஜாவாத் தீவின் மேற்குக் கோடியில் பாண்டம் என்றொரு துறைமுகம். இன்று பாண்டென் என்கிறார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கொடுத்து, அங்கே மிளகு வாங்கினார்கள் வியாபாரிகள். ஆங்கிலக் கம்பெனியின் பெரிய அலுவலகமும் அங்கேதான் இருந்தது. சென்னைக் கோட்டை எழுந்த புதிதில், சென்னை அதிகாரிகளுக்கு மேலிடமே பாண்டம்தான்!

அங்கு வந்த ஐரோப்பிய மாலுமிகள் சின்னஞ்சிறு கோழிகளைக் கண்டார்கள். ஊரின் பெயரே கோழியின் பெயராயிற்று. நாளடைவில் எந்த நாட்டுக் குட்டைக் கோழியும் "பாண்டம்" ஆகிவிட்டது. உருவம் சிறிது, சேவலின் ரோஷமோ பெரிது. 19-ம் நூற்றாண்டில் குத்துச்சண்டைக்காரர்கள் அந்தப் பெயரைச் சிறிய வீரர்களுக்குச் சூட்டினார்கள். "ஈ", "இறகு" என்றும் பிரிவுகள் உண்டு. ஈயைவிடச் சேவல் கனம். சேவலைவிட இறகு கனம்! வேடிக்கையான தராசுதான்.

மல்யுத்தத்திலும் இப்பெயர் வழங்கியது. மராட்டிய வீரர் கே. டி. ஜாதவ், 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 57 கிலோ பாண்டம் பிரிவில் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவுக்குத் தனி வீரர் ஒருவர் கொண்டுவந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. பயணத்துக்குப் பணமில்லாமல் அவர் தவித்தபோது, அவருடைய கல்லூரி முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார்.

இன்று மல்யுத்தத்தில் பாண்டம் என்ற பெயர் இல்லை. கிலோ எண் மட்டும்தான். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே 57 கிலோ பிரிவில் அமன் செராவத் மோதினார். வெண்கலப் போட்டிக்கு முந்தின இரவு அவர் எடை 61½ கிலோ! இரவு முழுவதும் தூங்காமல் உடற்பயிற்சி, ஓட்டம், வெந்நீர்க் குளியல். சுமார் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைந்தது. காலையில் தராசு ஏற்றுக்கொண்டது. வெண்கலமும் கிடைத்தது.