சொன்னவர் எங்கே?

1603 நவம்பரில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலேமீது இராசத்துரோக வழக்கு நடைபெற்றது. முதன்மைச் சான்று, காபம் பிரபுவின் எழுத்து வாக்குமூலம். அவரோ முன்பே தம் சொல்லை மறுத்தவர். அவரை நேரில் நிறுத்துமாறு ராலே மன்றாடினார், நீதிபதிகள் இசையவில்லை. டையர் என்னும் மாலுமியோ, ராலேயும் காபமும் மன்னரின் கழுத்தை அறுப்பார்கள் என லிஸ்பனில் ஒருவர் சொல்லக் கேட்டதாகக் கூறினார். அந்த ஒருவரை எவர் வினவுவது? ராலேக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இத்தகைய செய்தியைத் தமிழ் 'அறுப்பார்களாம்' என்று குறிக்கும். நாம் தேர்வுக்காக மட்டும் படிக்கும் 'ஆம்' என்னும் இடைச்சொல், பேசுபவர் அதனை நேரில் அறியார் என்பதை உணர்த்திவிடும். ஆங்கில வினைமுற்றுக்கு அவ்வசதி இல்லை. குறுக்கு விசாரணையே வெளிக்கொணர வேண்டும். அமெரிக்காவில் அவ்வுரிமையை 1791இல் ஆறாம் திருத்தம் உறுதிசெய்தது. 2004இல் கிராஃபோர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் ராலேயையே நினைவுகூர்ந்தது.

நம் நீதிமன்றத்தில் சாட்சியின் 'வந்தானாம்' ஆங்கிலத்தில் வெறும் 'வந்தான்' ஆகிவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கேட்கவேண்டிய கேள்வியே தெரியாமற்போகும்.