சோயா பெட்டியில் எழுதியிருப்பதும் எழுதாமல் விட்டிருப்பதும்

புரட்டாசி பிறந்தால் நம் வீடுகளில் சோயா புழக்கம் கூடிவிடும். தௌபு சம்பல், தெம்பே பிரட்டல், சைவக் கடையில் வாங்கும் ‘சைவ மட்டன்’, காலையில் ஒரு குவளை சோயா பால். தைப்பூச விரதத்திலும் இதே கதைதான். இறைச்சியை ஒதுக்கும் நாள்களில் நம் கை முதலில் சோயாவைத்தான் தேடுகிறது. அந்தச் சோயா எந்த விதையில் விளைந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் கடைக்காரருக்குத் தெரிவதில்லை.

மலேசியாவில் சோயா வணிக அளவில் பயிரிடப்படுவதில்லை. ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அமெரிக்கா, பிரேசில், அர்ஜெண்டினா ஆகிய நாடுகளே உலகச் சந்தைக்குப் பெரிய அளவில் சோயா அனுப்புகின்றன. அம்மூன்றிலும் விளையும் சோயாவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மரபணு மாற்றப்பட்டது. கோழித் தீவனத்துக்கு இறக்குமதியாகும் சோளத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அதே வேளையில், உணவுக்கென்றே தனியாகப் பிரித்து அனுப்பப்படும் மரபணு மாற்றப்படாத சோயாவும் உண்டு. கடையில் இரண்டும் ஒரே வெள்ளை நிறத் தௌபுவாகத்தான் நிற்கின்றன. கண்ணால் பார்த்தோ நாவால் சுவைத்தோ வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் லேபிள் பற்றிய பேச்சே எழுகிறது.

மரபணு மாற்றம் என்றால் என்ன என்பதில் நம்மிடையே குழப்பம் அதிகம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுக்கட்டுவது தெரியும். ரப்பரில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் இரண்டு ரப்பர் ரகங்களைக் கலந்து உருவாக்கி, பிறகு ஒட்டுக்கட்டிப் பெருக்கப்பட்டது. செம்பனையில் ‘தெனெரா’ என்பது ‘டூரா’வும் ‘பிசிஃபெரா’வும் கலந்த கலப்பினம். இவை எதுவும் மரபணு மாற்றம் அல்ல. ரப்பர் ரப்பரோடும் பனை பனையோடும் கலந்தவை. விதையில்லாத் தர்பூசணியும் அப்படித்தான்.

மரபணு மாற்றம் வேறு வகை. இயற்கையில் ஒன்றோடொன்று கலக்க முடியாத உயிரிலிருந்து ஒரு குறிப்பிட்ட மரபணுவை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பயிரின் மரபணுத் தொகுதிக்குள் சேர்ப்பார்கள். சோளத்தில் ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்தால், தண்டைத் துளைக்கும் புழு அதைத் தின்று சாகிறது. சோயாவில் இன்னொரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்தால், களைக்கொல்லி அடித்தாலும் அந்தச் செடி சாவதில்லை. சுற்றியுள்ள களை மட்டும் கருகும்.

அந்தக் களைக்கொல்லியின் பெயர் கிளைஃபோசேட். ‘ரவுண்டப்’ என்றால் தோட்டத்தில் பலருக்குச் சட்டென்று விளங்கும். முதுகில் தோம்பு சுமந்து செம்பனை நிரைகளுக்கு இடையே மருந்தடித்தவர்களில் நம் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் அடித்த இன்னொரு மருந்தான பாராகுவாட், பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. கிளைஃபோசேட்டை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு அம்முடிவை ஏற்கவில்லை. வாதம் இன்னும் நீதிமன்றங்கள்வரை நீள்கிறது. ஆகவே மரபணு மாற்றிய சோயாவைப் பற்றி ஒரு தோட்டக் குடும்பம் கேள்வி கேட்டால், அதை அறியாமை என்று ஒதுக்குவது சரியல்ல. அந்த மருந்தைக் கையால் தொட்டவர்கள் கேட்கும் கேள்வி அது.

உணவு என்ற அளவில் பார்த்தால் பயமுறுத்தும் சான்று இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, சந்தையிலுள்ள மரபணு மாற்றிய பயிர்கள் மற்றப் பயிர்களைவிட உடல்நலத்துக்கு அதிக ஆபத்தானவை என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும் அதை ஒட்டியதே. அப்படியென்றால் லேபிள் எதற்கு? ஆபத்து இருந்தால் உணவைத் தடை செய்வார்கள். லேபிள் ஒட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ‘ஹலால்’ முத்திரையும் ‘சைவம்’ என்ற குறியும் அந்த உணவு நஞ்சா இல்லையா என்று சொல்வதற்கு இல்லையே. வாங்குபவர் தம் நம்பிக்கைக்கும் மனத்துக்கும் ஏற்பத் தேர்ந்துகொள்ளவே அவை இருக்கின்றன. இதுவும் அந்த வகைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பரில் அமலுக்கு வந்தது. மரபணு மாற்றிய உயிரிகளும் அவற்றிலிருந்து பெறும் பொருள்களும் தெளிவாக அடையாளமிடப்பட வேண்டும் என்று அதன் 61ஆம் பிரிவு கூறுகிறது. உணவைப் பொறுத்தவரை, 1985ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறை விதிகளில் 2010இல் லேபிள் பற்றிய திருத்தம் சேர்க்கப்பட்டது. தொழில்துறை ஆயத்தமாக வேண்டும் என்று அதன் அமலாக்கம் 2014வரை தள்ளிப்போனது.

விதியின்படி, சோயா மட்டுமே உள்ள பொருளாயின் பெயரோடு ‘மரபணு மாற்றப்பட்ட’ என்று முன்பக்கத்தில் இருக்க வேண்டும். பல பொருள் கலந்த உணவானால், சேர்பொருள் பட்டியலில் எந்தப் பொருள் மாற்றப்பட்டது என்று குறிப்பிடுவதோடு, முன்பக்கத்திலும் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரங்காடி அலமாரியில் ‘மரபணு மாற்றப்படாதது’ என்று பெருமையோடு சொல்லும் சோயா பால் பெட்டிகள் கண்ணில் படுகின்றன. ‘மாற்றப்பட்டது’ என்று சொல்லும் பெட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை சோயா இறக்குமதியாகும் நாட்டில் இது எப்படி?

முதலாவது, 3 விழுக்காட்டு விதி. தற்செயலாகவோ தவிர்க்க முடியாமலோ கலந்த மரபணு மாற்றப் பொருள் 3 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் லேபிள் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வரம்பு 0.9 விழுக்காடு, ஆஸ்திரேலியாவில் 1 விழுக்காடு. நம் வரம்பு அவற்றைவிடத் தளர்வானது, அமெரிக்காவின் 5 விழுக்காட்டைவிட இறுக்கமானது.

அடுத்து, மிகவும் சுத்திகரிக்கப்பட்ட பொருள்களுக்கான விலக்கு. சோயா எண்ணெய், சோளப் பாகு போன்றவற்றில் சேர்த்த மரபணுவோ அதன் புரதமோ மிஞ்சுவதில்லை என்பது காரணம். மரபணு மாற்றிய தீவனம் தின்ற கோழியின் இறைச்சிக்கும் லேபிள் தேவையில்லை. அறிவியல்படி இதில் நியாயம் உண்டு. பரிசோதித்தாலும் எதுவும் தெரியாது. ஆனால் அந்தப் பயிர் வளர்க்கப்படும் முறையையே விரும்பாத ஒருவருக்கு, எண்ணெய்க்குள் மரபணு மிஞ்சியதா இல்லையா என்பது பொருட்டல்ல. அவருக்கு இந்த விலக்கு ஒரு சுவர்.

பொட்டலமே இல்லாத உணவு கடைசி ஓட்டை. லேபிள் விதிகள் பொட்டலமிட்ட உணவுக்கானவை. பசாரில் தண்ணீர்த் தட்டில் மிதக்கும் தௌபுவிலும், ஒட்டுக்கடையின் தாவ் ஃபூ ஃபாவிலும், கோயில் அன்னதானத்தின் சோயா கறியிலும் எதை ஒட்டுவது? தோட்டத்திலும் கம்போங் கடைகளிலும் வாங்குபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாங்குகிறார்கள். லேபிள் தரும் தேர்வு பேரங்காடிக்குப் போக முடிந்தவர்களுக்கே அதிகம் பயன்படுகிறது.

சைவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சேர்க்கப்பட்ட மரபணு விலங்கிலிருந்து வந்ததாயின், அந்த விலங்கின் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்கிறது நம் விதி. முஸ்லிம்களின் ஹலால் கவலையை முன்னிட்டு மட்டுமன்றி, மாட்டிறைச்சியை ஒதுக்கும் இந்துக்களுக்கும் பயன்படும் விதி இது. இப்போது சந்தையிலுள்ள சோயா, சோளம் ஆகியவற்றில் பெரும்பாலும் பாக்டீரியா மரபணுக்களே உள்ளன. ‘சோயாவில் மாட்டு மரபணு’ என்று புலனத்தில் சுற்றும் செய்திகளை நம்ப வேண்டாம். ஆனால் பாலாடைக்கட்டியின் கதை சுவையானது. பாலைத் திரட்டும் நொதி முன்பு கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று அந்தக் கன்றின் மரபணுவைப் பூஞ்சையிலோ ஈஸ்டிலோ வைத்து நொதியைத் தயாரிக்கிறார்கள், கன்று கொல்லப்படுவதில்லை. பல ‘சைவ’ பாலாடைக்கட்டிகள் இப்படி வந்தவை. இது சைவமா என்று ஒரே வீட்டில் பாட்டி ஒன்று சொல்லலாம், பேத்தி வேறொன்று சொல்லலாம். இருவருக்கும் விவரம் தெரிந்தால்தானே வாதமே தொடங்கும்.

கடையில் என்ன செய்யலாம்?

பழத்தில் ஒட்டிய ஐந்து இலக்க எண் 8இல் தொடங்கினால் மரபணு மாற்றியது என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அந்த எண் அதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் கடைகளில் அது புழக்கத்துக்கு வரவே இல்லை. அதை வைத்து முடிவு செய்ய இயலாது.

சேர்பொருள் பட்டியல்தான் நம்பகமான இடம். ‘காச்சாங் சோயா’, ‘ஜாகுங்’, ‘லெசித்தின்’ ஆகிய சொற்களைத் தேடுங்கள். அவற்றின் அருகில் ‘ஜெனெட்டிக்’ என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். பிஸ்கட், சாக்லேட், மார்ஜரின் ஆகியவற்றில் லெசித்தின் அடிக்கடி வரும். முழுமையாகத் தவிர்க்க விரும்புவோர் இயற்கை வேளாண் சான்று பெற்ற பொருளை நாடலாம். அச்சான்று மரபணு மாற்றிய விதையை அனுமதிப்பதில்லை. விலை கூடும் என்பதுதான் சிக்கல். மாதச் சம்பளத்தைச் சென் கணக்கில் பிரிக்கும் குடும்பத்திடம் ‘நல்லதை வாங்குங்கள்’ என்று சொல்வது எளிது.

பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் லேபிளுக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்து வந்துள்ளது. பொட்டலத்தில் சொல்லியிருப்பது சரியில்லை என்ற ஐயம் எழுந்தால், மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் உணவுப் பாதுகாப்பு, தரப் பிரிவில் புகார் செய்யலாம். பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். வாங்கிய கடை, தேதி, பொட்டலத்திலுள்ள தயாரிப்பு எண், ரசீது ஆகியவை இருந்தால்தான் அதிகாரிகள் அந்தப் பொருளைத் தேடிச் சென்று மாதிரி எடுக்க முடியும்.