தொலைக்காட்சிப் படம் உடைவது ஏன்?

மழைக்காலத்தில் படம் கட்டங்கட்டமாய் உடைகிறது, புதிய செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டுமோ என அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். அவசரம் வேண்டாம். பழைய முறையில் அலை குறையக் குறையப் படம் புள்ளி விழுந்து மங்கும். டிஜிட்டல் முறையிலோ ஓர் எல்லை வரையில் தெளிவாயிருந்து, அதனைக் கடந்ததும் திடீரென மறைந்துவிடும். ஆதலால் பெட்டியே கெட்டதென்று கொள்ளற்க.

டி.டி. ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பும் ஜிசாட்-15, தமிழ்நாட்டிலிருந்து நோக்கத் தென்கிழக்கே உயரத்தில் உள்ளது. டிஷ் பொருத்தியபோது சிறிதாயிருந்த தென்னை இன்று அத்திசையை மறைத்திருக்கலாம். காற்றில் மட்டும் படம் உடைந்தால் மட்டையையும் தளர்ந்த போல்ட்டையும் கவனித்தல் வேண்டும். கனமழையில் மட்டுமெனில் மழை விடும்வரை பொறுப்பதே வழி. மழைநீர் அலையை உறிஞ்சுவது இயல்பு. வெயில் அடித்த பின்னரும் வராவிடில், பெரும்பாலும் கேபிள் முனையில் நீர் புகுந்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, துருவேறிய முனையை மாற்றுக. அதன் விலை சொற்பமே.