மல்லாத்தியா, குப்புறவா, தொட்டிலிலா? பச்சிளம் குழந்தையின் தூக்கம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

சேலம், நாமக்கல் பகுதித் தறிக்கார வீடுகளில் சேலைத் தொட்டில் இல்லாமல் பிள்ளை வளர்வது அரிது. குழந்தை தூக்கத்திலேயே இறப்பதைத் தடுக்க மருத்துவர்கள் கூறும் முறைகள் சில இப்பழக்கத்துக்கு மாறாக இருப்பதால் குழப்பம் எழுகிறது.

எந்த வயதில் ஆபத்து அதிகம்?

1 முதல் 4 மாதம் வரை. காரணம் தெரியாத திடீர் இறப்புகளில் சுமார் 90 சதவீதம் 6 மாதத்துக்குள் நிகழ்கின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கும், பீடி, சிகரெட் புகை உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கும் ஆபத்து கூடுதல்.

மல்லாத்திப் போட்டால் கக்கிய பால் மூச்சுக்குழாயில் ஏறிவிடாதா?

அந்த வாய்ப்பு கூடுவதில்லை. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலும் உணவுக்குழாய் கீழும் இருப்பதால், எதுக்களித்த பால் மேலேறினால்தான் மூச்சுக்குழாயை எட்டும். குப்புறக் கிடந்தால் இது தலைகீழாகிறது. அமெரிக்காவில் 1994-ல் மல்லாத்திப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கியது. 1990-க்கும் 2000-க்கும் இடையே அங்கு காரணம் தெரியாத திடீர் இறப்பு விகிதம் ஏறத்தாழப் பாதியானது.

சேலைத் தொட்டில் கூடவே கூடாதா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, படுக்கை 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது. தொட்டிலில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் இடிக்கும்போது மூச்சுப் பாதை குறுகும். துணியும் முகத்தை மூடலாம். தொட்டில் கட்டை துணியை விரித்துப் பிடிக்குமே தவிர, அடிப்பகுதியைச் சமமாக்குவதில்லை. ஆட்டித் தூங்க வைத்தாலும், கண்ணயர்ந்ததும் தரைப் பாய்க்கு மாற்றுவதே பாதுகாப்பு. பாவு அறுந்து, தறி ஓட்டும் தாய் அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில், தொட்டிலை ஆட்டிவிட மூத்த பிள்ளையை மட்டும் நிறுத்துவது போதாது.

தனிக் கட்டில் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. தரையில் விரித்த கோரைப்பாயும், அதன்மேல் சுருக்கமின்றி ஒரு மெல்லிய துணியும் போதும். தலை உருண்டையாக வைக்கும் கடுகுத் தலையணை, பஞ்சு மெத்தை, பொம்மை, கழுத்துக் கயிறு ஆகியவை கூடாது. குறைந்தது 6 மாதம் வரை தாயின் அறையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் தனிப் பாயில் தூங்க வேண்டும்.

தடுப்பூசி போட்ட பின் இறந்ததாகக் கூறுகிறார்களே?

ஐங்கூட்டுத் தடுப்பூசி 6, 10, 14-வது வாரங்களில் போடப்படுகிறது. ஆபத்து மிகுந்த வயதும் அதுவே. காலம் ஒன்றுபடுவதால் ஐயம் எழுகிறதே தவிர, ஆய்வுகளில் தொடர்பு காணப்படவில்லை.

எதுவரை மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும்?

ஒரு வயது நிறையும் வரை, பகல் தூக்கத்திலும். இரு பக்கமும் தானே புரளக் கற்ற குழந்தை புரண்டு படுத்தால் அப்படியே விடலாம். ஐயமிருந்தால் கிராம சுகாதார செவிலியரையோ 104 எண்ணையோ அணுகலாம். மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.