நாசா, ஹார்வர்டு, ஐ.ஐ.டி. பெயரில் கோடை முகாமா? பெற்றோரே, உஷார்!

"வாழ்த்துகள்! சர்வதேச இளம் தலைவர்கள் கோடைத் திட்டத்துக்கு உங்கள் பிள்ளை பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார்." ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்து விழும். ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கே குறிவைத்து வரும். யார் பரிந்துரைத்தது? வகுப்பு ஆசிரியரைக் கேட்டால் தனக்குத் தெரியாது என்பார். எப்போதோ ஒரு கல்விக் கண்காட்சியில் நிரப்பிக் கொடுத்த படிவம் போதும், பிள்ளையின் பெயரும் வகுப்பும் உங்கள் செல்போன் எண்ணும் நாலு கை மாறிவிடும்.

அந்தச் செய்திக்குப் பதில் போட்ட மறுநாளே போன் வரும்.

"மேடம், உங்க பையனோட ப்ரொஃபைல் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு. எங்க பேனல்ல செலக்ட் ஆயிட்டாரு. மொத்தமே நாற்பது சீட்தான். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போட்டுட்டீங்கன்னா சீட்டை பிளாக் பண்ணி வச்சிடறோம்."

பையனின் மார்க்‌ஷீட்டைக்கூட அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். தேர்வு இல்லை, கட்டுரை இல்லை, நேர்காணல் இல்லை. பிறகு எதை வைத்து செலக்ட் ஆனார்? இந்த ஒரு கேள்வியை அங்கேயே கேட்டுவிட்டால் போதும், எதிர்முனையில் குரலின் சுருதி மாறுவது உங்களுக்கே கேட்கும். ஆனால் பெரும்பாலான பெற்றோர் கேட்பதில்லை. "நம்ம பிள்ளைக்குக் கிடைச்ச வாய்ப்பை நாமே கெடுத்துடக் கூடாதே" என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

கோடை முகாம் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல முகாம் ஒரு பிள்ளையின் படிப்பையே வேறு திசைக்குத் திருப்பிவிடக்கூடியது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். விளம்பரத்தில் இருக்கும் பெயர் வேறு, முகாமை நடத்துகிறவர் வேறு. நீங்கள் பெயரைப் பார்த்துப் பணம் கட்டுகிறீர்கள். பிள்ளை போய்ச் சேருவதோ நடத்துகிறவரிடம்.

நாசாவையே எடுத்துக்கொள்வோம். "நாசா செல்லும் மாணவர்" என்று பள்ளி வாசலில் பேனர் கட்டுகிறார்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வருகிறது. தாத்தா வயலை அடகுவைத்துப் பணம் தருகிறார். போய்ப் பார்க்கும் இடம் பெரும்பாலும் ஃப்ளோரிடாவிலுள்ள கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகம். டிக்கெட் வாங்கும் எந்தச் சுற்றுலாப் பயணியும் உள்ளே போகலாம். அந்த வளாகத்தை நாசாவுக்காக நடத்துவதே ஒரு தனியார் நிறுவனம்தான். ராக்கெட்டுகளைப் பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம், அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே போக நாசா யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. அலபாமா மாநிலம் ஹண்ட்ஸ்வில்லில் 1982 முதல் நடக்கும் ஸ்பேஸ் கேம்ப் உலகப் புகழ் பெற்றது. அதையும் நடத்துவது நாசா அல்ல, அந்த மாநில அரசுக்குச் சொந்தமான அருங்காட்சியகம். கட்டணம் கட்டினால் சேரலாம். சுற்றுலாவைச் சுற்றுலா என்று சொல்லி விற்றால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. "நாசா தேர்வு செய்தது" என்று சொல்லி விற்பதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொரு கூட்டம் "நாசாவில் இன்டர்ன்ஷிப்" என்றே சொல்கிறது. நாசாவின் வழக்கமான மாணவர் இன்டர்ன்ஷிப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையுள்ள பத்தாம் வகுப்பு மாணவிக்கு அதை வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டாம், போனை வைத்துவிடுங்கள்.

அடுத்து, ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு. சென்னை, கோவை சர்வதேசப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களும், அமெரிக்காவிலேயே வாழும் நம் தமிழ்க் குடும்பங்களும் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். கோடையில் பல்கலைக்கழக விடுதிகளும் வகுப்பறைகளும் காலியாக இருக்கும். வெளி நிறுவனங்கள் அவற்றை வாடகைக்கு எடுத்து, வளாகத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு முகாம் நடத்துவது அங்கே சகஜம். பாடம் எடுப்பவர் அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நம்மூரில் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் மண்டபத்தின் சொந்தக்காரர் ஆகிவிடுவாரா?

பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் கட்டண வகுப்புகளும் உண்டு. பெயர்பெற்ற இடங்களில் இரண்டு வாரத்துக்கே 5,000 டாலருக்கு மேல் ஆகும். விமானம், விசா செலவெல்லாம் தனி. விசா மறுக்கப்பட்டால் அந்த விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது. இவ்வளவும் செலவழித்தால் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது சுலபமாகுமா? ஆகாது. கோடை வகுப்பில் சேர்வதால் பட்டப்படிப்புச் சேர்க்கையில் எந்த முன்னுரிமையும் கிடையாது என்று பல பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. விற்கிற ஏஜென்ட் அந்தப் பக்கத்தை உங்களுக்குக் காட்ட மாட்டார். நீங்களே தேடிப் படித்துக்கொள்ள வேண்டும்.

சேர்க்கை அதிகாரிகள் மதிக்கும் கோடைத் திட்டங்கள் எப்படி இருக்கும் தெரியுமா? 1984இல் தொடங்கி, இப்போது எம்.ஐ.டி. வளாகத்தில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 100 மாணவர்கள்தான். ஆறு வாரம். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எதற்கும் கட்டணம் இல்லை. டெல்யுரைடு அமைப்பின் கோடைக் கருத்தரங்கும் அப்படித்தான், பணம் வாங்குவதில்லை. ஆனால் கட்டுரை கட்டுரையாக எழுதி வாங்குவார்கள். கட்டணம் வாங்கும் நல்ல திட்டங்களும் இருக்கின்றன. 1957இல் தொடங்கிய ராஸ் கணிதத் திட்டம் கட்டணம் வாங்குகிறது, ஆனால் கடினமான கணக்குகளைக் கொடுத்து, அவற்றைப் பிள்ளை எப்படி யோசித்தது என்று பார்த்துத்தான் சேர்க்கிறது. வசதி இல்லாதவர்களுக்கு உதவித்தொகையும் தருகிறது. அதனால் கட்டணம் இருக்கிறது என்பதற்காகவே எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பற்றி எதையும் கேட்காமல் வங்கிக் கணக்கை மட்டும் கேட்கிறார்களா, அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது, அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் கவலையாக இருக்கிறது. "இந்தக் கோடையில் உங்கள் மகள் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுவாள்" என்கிறார்கள். ஆயிரக்கணக்கான டாலர் கட்டினால் வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்வார்கள், தலைப்பு கிடைக்கும், கடைசியில் ஏதோ ஓர் இணைய இதழில் கட்டுரையும் வந்துவிடும். இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று 2023 மே மாதம் அமெரிக்க ஊடகங்களான ப்ரோபப்ளிகாவும் க்ரானிக்கிள் ஆஃப் ஹையர் எஜுகேஷனும் சேர்ந்து விரிவாக எழுதின. பணம் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். தான் செய்யாத வேலைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதைப் பதினாறு வயதில், அதுவும் அப்பா அம்மாவின் செலவில், ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் அதைப் பிறகு யார் திருத்துவது?

உள்ளூர் விஷயத்துக்கு வருவோம். "ஐ.ஐ.டி. சான்றிதழுடன் ரோபோட்டிக்ஸ் முகாம்" என்று நோட்டீஸ் வந்தால், மாதிரிச் சான்றிதழ் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். மேலே பெரிதாக ஐ.ஐ.டி. பெயர் இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் மாணவர்கள் நடத்தும் ஏதோ ஒரு விழாவின் பெயர் இருக்கும். கையெழுத்து போட்டிருப்பவரோ பேராசிரியராக இருக்க மாட்டார், அந்த நிறுவனத்தின் இயக்குநராக இருப்பார். அப்படியானால் அது அந்த நிறுவனத்தின் சான்றிதழ், அவ்வளவுதான். சென்னை ஐ.ஐ.டி. பள்ளி மாணவர்களுக்கென்றே இணையவழிப் படிப்புகளை மிகக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. அந்த விவரமெல்லாம் அதன் சொந்த இணையதளத்திலேயே இருக்கிறது. இடையில் ஏஜென்ட் எதற்கு?

இஸ்ரோ பெயரைச் சொல்லி யாராவது காசு கேட்டால் இதைச் சொல்லுங்கள். இஸ்ரோ 2019இல் தொடங்கிய யுவிகா திட்டம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கானது. மே மாதத்தில் சுமார் இரண்டு வாரம், ஸ்ரீஹரிகோட்டா, திருவனந்தபுரம் போன்ற இஸ்ரோ மையங்களிலேயே தங்கிப் படிக்கலாம். போகவர ரயில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இஸ்ரோ செலவு. எட்டாம் வகுப்பு மதிப்பெண், இணையவழி வினாடி வினா, போட்டிகளில் பெற்ற பரிசுகள் ஆகியவற்றைப் பார்த்து எடுக்கிறார்கள், கிராமப் பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளிகளில் படிப்பவர்களுக்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. ஆண்டின் தொடக்க மாதங்களில் அறிவிப்பு வரும். இந்த விவரம் தெரியாமல் எத்தனை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே விட்டார்களோ! கணித, அறிவியல் ஒலிம்பியாடுகளில் படிப்படியாகத் தேறி வருபவர்களுக்கு மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் கோடையில் நடத்தும் பயிற்சி முகாமும் அப்படித்தான். காசு கொடுத்து அங்கே இடம் வாங்க முடியாது.

இதுவரை பணத்தைப் பற்றியே பேசிவிட்டேன். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பிள்ளையை ராத்திரி தங்க வைக்கும் முகாம் என்றால் நாம் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் பிள்ளைகளைப் பள்ளி வளாகத்திலேயே தங்க வைத்தார்கள். அங்கே ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். வேறு மாணவிகளும் பாதிக்கப்பட்டார்கள். முகாமை நடத்தியவருடன் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைது செய்யப்பட்டார்கள். அது போலி முகாம். அதற்கும் தங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று என்.சி.சி. அமைப்பு அறிவித்தது. சீருடையும் பெயரும் இருந்தன, பள்ளியின் ஒப்புதலும் இருந்தது. பெற்றோர் எதைச் சந்தேகப்பட்டிருக்க முடியும்?

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தில் ராத்திரி எந்தப் பெண் ஆசிரியர் இருப்பார், அவர் பெயர் என்ன, செல்போன் எண் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். என்.சி.சி. முகாம் என்றால் எந்தப் பட்டாலியன் உத்தரவில் நடக்கிறது என்று கேளுங்கள், அந்தப் பட்டாலியன் அலுவலகத்துக்கே ஒரு போன் போடுங்கள். மலையேற்றம் உண்டு என்றால் வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத் தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட வேண்டாம். முகாமில் பிள்ளையின் போனை வாங்கி வைத்துக்கொள்வோம் என்பார்கள், அது தவறில்லை. ஆனால் தினமும் ஒருமுறை பிள்ளை உங்களுடன் தனியாகப் பேச வேண்டும், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. இதற்கு ஒத்துக்கொள்ளாத முகாமுக்குப் பிள்ளையை அனுப்பவே அனுப்பாதீர்கள். 1098, 14417 என்ற இரண்டு எண்களையும் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். முதலாவது குழந்தைகள் உதவி எண், இரண்டாவது நம் பள்ளிக் கல்வித் துறையின் உதவி மையம். இதையெல்லாம் கேட்டால் "ரொம்ப சந்தேகப்படறீங்க சார்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கோடை நீட், ஜே.இ.இ. 'ஃபவுண்டேஷன்' வகுப்புகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 16 வயதுக்குக் குறைந்தவர்களையோ, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிக்காதவர்களையோ பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. நடுவில் நின்றுவிட்டால் மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டிய நெறிமுறைகள்தாம் அவை என்றாலும், பேரம் பேச உங்கள் கையில் அவை இருக்கட்டும். 'சில சீட்டுகளே பாக்கி' என்று பொய்யாக அவசரப்படுத்தும் பயிற்சி மைய விளம்பரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் தடை விதித்திருக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? பதறாதீர்கள், சும்மாவும் இருக்காதீர்கள். ரசீதில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் இருந்த பெயருக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்த முகாம் உங்களுடையதுதானா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினால் போதாது. தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அவர்களின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அதற்குக் கட்டணம் கிடையாது. அதுவரை அந்த வாட்ஸ்அப் செய்தியையும் சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் கேட்ட பேச்சின் பதிவையும் மட்டும் அழித்துவிடாதீர்கள்.