பெட்டியில் 650 டிகிரி, சுவரில் 6 ஆம்பியர்

ஹீட் கன் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்த வெப்பநிலைதான். ஒன்றில் 550 டிகிரி, பக்கத்தில் இருப்பதில் 600, அதைவிட இருநூறு ரூபாய் மலிவான இன்னொன்றில் 650. விலையும் குறைவு, சூடும் அதிகம் என்றால் கை தானாக அங்கேதான் போகும். ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கும் எண்களிலேயே நமக்கு மிகக் குறைவாக உதவுவது அந்த டிகிரிதான்.

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் இந்தக் கருவிக்கு ஒரு தனி மவுசு உண்டு. ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஸ்ரீபெரும்புதூர் சாலையில் திரும்பினால் ஒரகடம். ரெனோ நிசான் கார்கள் 2010-இலும், டெய்ம்லர் லாரிகள் 2012-இலும், ராயல் என்ஃபீல்டு பைக்குகள் 2013-இலும் அங்கே தயாராகத் தொடங்கின. ஒரு காருக்குள் கிலோமீட்டர் கணக்கில் வயர் ஓடுகிறது. வயர்கள் சேரும் இடங்களில் கறுப்பு ஸ்லீவைப் போட்டுச் ஹீட் கன்னின் சூடான காற்றால் இறுக்குவது, வயர்களைக் கட்டாகச் சேர்க்கும் ஹார்னஸ் வேலையில் அன்றாடம். அந்தக் கைப்பழக்கம் ஷிஃப்ட் முடிந்ததும் போய்விடாது. வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போட்டு, பைக்குக்கு ஃபாக் லாம்ப் மாட்டுவதும், ஸ்பீக்கரைப் பிரித்து மேய்வதும், தெருவில் இருக்கிறவர்களின் மிக்ஸியைச் சரிசெய்து கொடுப்பதும் இங்கே சாதாரணம். எட்டு மணி நேரம் ஓடுவதற்காகச் செய்த தொழிற்சாலைக் கருவியின் விலையை, நாளுக்குப் பத்து நிமிடம் ஓட்டப்போகிற இவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. மலிவானதிலேயே நல்லதைப் பார்த்து எடுக்கத் தெரிந்தால் போதும்.

பிரித்துப் பார்த்தால் ஹீட் கன்னுக்குள் அதிகம் ஒன்றும் இருக்காது. பின்பக்கம் ஒரு சிறு மோட்டாரும் விசிறியும். முன்பக்கக் குழாயில் மைக்கா தகடுகளின் மேலோ பீங்கான் மேலோ சுற்றிய நிக்ரோம் கம்பிச் சுருள். நிக்கலும் குரோமியமும் கலந்த இந்தக் கம்பிக்கு அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை வாங்கினார். சூடானதும் கம்பியின் மேல் குரோமியம் ஆக்சைடு ஒரு மெல்லிய தோலாகப் படிந்து, உள்ளே இருக்கும் உலோகத்தை மேற்கொண்டு எரியாமல் காக்கும். டோஸ்டர், கெய்சர், அயர்ன் பாக்ஸ் என்று வீட்டில் சுடுகிற பொருட்கள் பலவும் இந்தக் கம்பியின் தயவில்தான் ஓடுகின்றன. கம்பியில் மாடலுக்கு மாடல் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் விசிறியில்.

ஒரு சின்னக் கணக்கு. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம். ஒரு கிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஒரு ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 500 லிட்டர் காற்று என்றால் நொடிக்குப் பத்து கிராம். 2000 வாட் சுருள் நொடிக்கு 2000 ஜூல் தருகிறது. வகுத்துப் பார்த்தால் காற்று 200 டிகிரிதான் ஏறும். ஆனால் பெட்டியில் 2000 வாட், 500 லிட்டர், 600 டிகிரி மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்! முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. 600 டிகிரியில் காற்று கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஊதிப் பெருக்கும். மூக்கில் வெளிவரும் ஊதிய காற்றை அளந்து 500 லிட்டர் என்று போட்டிருந்தால் கணக்கு நேராகிவிடும். பின்னால் விசிறி இழுத்த காற்று 170 லிட்டர் அளவுதான்.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான். வாட் மாறாத வரை, டிகிரியைக் கூட்டச் சுலபமான வழி காற்றைக் குறைப்பது. சின்ன மோட்டார், சின்ன விசிறி போட்டால் தயாரிப்பவருக்குச் செலவும் மிச்சம், பெட்டியில் போட 650 என்ற எண்ணும் கிடைக்கும். வெப்பம் ஒரு ஜூல்கூடக் கூடியிருக்காது. நடுவில் அவதிப்படுவது சுருள். காற்று போதாமல் ஆங்காங்கே கனன்று, கம்பி தொய்ந்து, சில மாதங்களில் அறுந்துவிடும். டிகிரி குறைவாகவும் காற்று தாராளமாகவும் இருக்கும் கருவியே நெடுநாள் உழைக்கும். கடையில் சூடில்லாமல் காற்று மட்டும் வரும் கூல் நிலையில் ஓடவிட்டு, ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டிப் பாருங்கள். காற்று அங்கேயும் உறைக்க வேண்டும்.

வீட்டு வேலைக்கு 650 டிகிரி தேவையும் படாது. ஸ்லீவ் சுருங்கும் விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். பாலித்தீன் குழாயின் மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால், அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஆங்காங்கே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு அதைச் சூடாக்கி, இரண்டு மடங்கு அகலத்துக்கு விரித்து, விரித்தபடியே குளிரவைக்கிறார்கள். குளிரும்போது உருவாகும் பொடிப் படிகங்கள்தான் குழாயை விரிந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கின்றன. நாம் மறுபடி சூடு காட்டும்போது, 100 முதல் 120 டிகிரிக்குள் அந்தப் படிகங்கள் உருகும். முடிச்சுகள் இழுக்க, குழாய் பழைய அளவுக்குத் திரும்பும். 1957-இல் பால் குக் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ரேகெம் நிறுவனம், கதிர்வீச்சால் பிணைத்த இந்த வகைப் பிளாஸ்டிக்கை வைத்தே வளர்ந்தது. ஆகவே ஸ்லீவுக்கு வேண்டியது 120 டிகிரி. 300 டிகிரிக் காற்றை நாலு விரல் தள்ளிப் பிடித்து, ஸ்லீவின் நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கி ஓட்டினால் சில நொடிகளில் வேலை முடியும். 600 டிகிரியில் அதையே செய்தால் மேல்தோல் பளபளத்துக் கருகும், உள்ளே இருக்கும் வயரின் பிவிசி இளகும், ஸ்லீவ் பாதிதான் சுருங்கியிருக்கும்.

பெட்டி சொல்லும் வாட் உண்மையா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கரண்ட் கொடுக்க வேண்டாம், மல்டிமீட்டர் போதும். நிக்ரோமின் மின்தடை குளிரிலும் சூட்டிலும் பெரிதாக மாறாது என்பது இங்கே கைகொடுக்கிறது. சுவிட்சை உயர்ந்த நிலையில் வைத்து, பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் இடையே ஓம் பாருங்கள். 230-ஐ 230-ஆல் பெருக்கி, வந்த ஓமால் வகுத்தால் வாட். 2000 வாட் என்றால் மீட்டர் 26 ஓம் அருகில் காட்ட வேண்டும். 44 ஓம் காட்டினால் அது 1200 வாட் கருவி.

“அண்ணே, இது 2000 வாட்தானா?”

“போட்டிருக்கு பாருங்க தம்பி.”

இந்தப் பதிலுக்கு அப்புறம் மீட்டரை எடுத்தால் கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். திருகுக் குமிழால் வெப்பநிலையை மாற்றும் மாடல்களில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. நடுவில் எலக்ட்ரானிக் பலகை இருப்பதால் மீட்டர் வேறு ஏதாவது காட்டும். இரண்டே நிலைகள் உள்ள மலிவு மாடல்களில் குறைந்த நிலைக்கு வைத்தாலும் எண் தவறாக வரலாம். அவற்றில் பல, ஒரு டையோடு போட்டு மின்னலையில் பாதியை வெட்டித்தான் சூட்டைக் குறைக்கின்றன.

இனி சுவர். நம் வீடுகளில் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர், பெரிய பவர் பிளக் 16 ஆம்பியர். 2000 வாட் கருவி 230 வோல்ட்டில் இழுப்பது 8.7 ஆம்பியர். சின்னப் பாயிண்டின் எல்லை 1380 வாட். சந்தையில் இருக்கும் 2000 வாட் மாடல்களில் சில சின்ன பிளக்கோடு வருகின்றன. சில வெளிநாட்டு உருண்டை பிளக்கோடு வந்து கன்வெர்ட்டர் கேட்கின்றன. தளர்ந்த சாக்கெட்டில் 0.2 ஓம் தொடுதடை இருந்தாலே 8.7 ஆம்பியருக்கு அங்கே 15 வாட் சூடு பிறக்கும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் சொருகி வைத்ததுபோலத்தான் அது. ஸ்விட்ச் போர்டு பழுப்பேறி வாடை வருவது இதனால்தான். வாடகை வீட்டில் பவர் பிளக் சமையலறையிலும் ஏ.சி. பக்கத்திலும் மட்டும் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே இருக்காது. மெல்லிய வயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட் கன்னை மாட்டுவது கூடவே கூடாது. பவர் பிளக்குக்கு வழியில்லாதவர்கள் 1200 வாட் மாடலோடு நிறுத்திக்கொள்ளலாம். ஸ்லீவுக்கும் ஸ்டிக்கர் உரிக்கவும் அது தாராளம்.

கோடையில் லோ வோல்டேஜ் வந்தால் வோல்ட்டின் குறைவைவிட வாட்டின் குறைவு பெரிதாக இருக்கும். 230 வோல்ட் 200 ஆனால் 2000 வாட் ஏறத்தாழ 1500 ஆகிவிடும். சாயங்காலம் வேலை இழுக்கிறது என்று கருவியைத் திட்டுவதற்கு முன் மீட்டரைச் சுவரில் வைத்துப் பார்ப்பது நியாயம்.

வாங்கி வந்த பிறகு வெப்பநிலையைச் சோதிக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் உதவாது. அது காற்றின் சூட்டைக் காட்டாது. எளிய வழி ஈயக் கம்பி. சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியில் இளகத் தொடங்கும். ஈயமில்லாத வகை 217 டிகிரிக்கு மேல். இரண்டிலும் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து, மூக்குக்கு முன்னால் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் எந்தத் தூரத்தில் எவ்வளவு சூடு என்பது கண்ணுக்கே தெரியும். முதல் கம்பி உருண்டு சொட்டாகி, இரண்டாவது அசையாமல் நிற்கும் தூரத்தில்தான் இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலை இருக்கும். செல்போன் போர்டில் ஐ.சி. கழற்றலாம் என்று இந்தப் பெரிய கன்னை எடுக்க வேண்டாம். பக்கத்துப் பாகங்களையும் சேர்த்து ஊதித் தள்ளிவிடும். அதற்கு மெல்லிய மூக்குள்ள ஹாட் ஏர் ஸ்டேஷன் தனியாக இருக்கிறது.

ஆபத்துகளில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. பைக் வயரிங் செய்பவர்கள் டாங்கைக் கழற்றாமலே வேலை பார்ப்பது வழக்கம். பெட்ரோல் ஆவி 280 டிகிரிக்கு அருகில் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளக்கூடியது. ஹீட் கன்னில் நெருப்பு இல்லையே என்ற தைரியம் இங்கே செல்லாது. சிவந்து கனலும் சுருள் மூக்குக்குள்ளேயே இருக்கிறது. டாங்கைத் தூக்கி வேறு அறையில் வைத்துவிட்டு வரவும். அடுத்தது பழைய ஜன்னல், கிரில் பெயின்ட். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் எவ்வளவு இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? ஈயப் பெயின்ட்டை உரிக்க 593 டிகிரிக்கு மேற்பட்ட ஹீட் கன்னை அமெரிக்காவில் தடை செய்திருக்கிறார்கள், ஈயம் ஆவியாக மூச்சில் ஏறும் என்பதால். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய பெயின்ட்டுக்கு ஹீட் கன் வேண்டாம் என்பேன், எந்த டிகிரியிலும்.

வேலை முடிந்ததும் சட்டென்று அணைக்கும் பழக்கத்தால் சாகும் கன்கள் ஏராளம். காற்று நின்றுவிடும், சுருளிலும் பீங்கானிலும் தேங்கிய சூடு பின்னோக்கி வந்து பிளாஸ்டிக் உடலையும் மோட்டாரையும் வாட்டும். சூடாக இருக்கும்போது கீழே விழுந்தால், இளகிய சுருள் இடம் பெயர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்று, வெறும் காற்று மட்டும் வரும் கூல் நிலை. அது இல்லாத மாடலில் குறைந்த நிலையில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைக்கலாம், ஆனால் முழுப் பலன் இராது. மற்றொன்று, கன்னின் பின்புறம் தட்டையாக இருந்து, மூக்கு வானத்தைப் பார்த்தபடி மேஜையில் ஆடாமல் நிற்பது. அப்படி நின்றால் மிச்சச் சூடு மேலே போய்விடும், மோட்டார் பக்கம் இறங்காது. காற்று இழுக்கும் துளைகள் பின்புறத் தட்டையிலேயே இருந்தால் நிறுத்தியதும் அடைபட்டுப் போகும். துளைகள் பக்கவாட்டில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து, ஒரகடம் சாலை லாரிகள் கிளப்பும் புழுதி அதில் சேராமல் மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.