விண்ணில் பறந்து மண்ணை அறிதல்



நம் ராதாபுரம் வட்டாரத்தில் போர் போடுமுன், உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருவதை நாம் கண்டிருக்கிறோம். துளை பொய்த்துவிட்டால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரைந்துவிடும். செம்பு, துத்தநாகம் போன்ற கனிமங்களைத் தேடுவோருக்கும் இதே கவலை உண்டு. அவர்களுக்கு உதவ வந்ததே வான்வழி மின்காந்த ஆய்வு.

இது எவ்வாறு நடைபெறுகிறது? மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்ததை இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அந்த விதியே இதற்கு அடிப்படை. ஹெலிகாப்டரின் கீழே பெரிய கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு, அச்சுருள் தரையிலிருந்து சுமார் 30 மீட்டர் உயரத்தில் செல்லுமாறு பறக்கிறார்கள். சுருளில் மின்சாரத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்துகிறார்கள். உடனே மண்ணுக்குள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி மறைகின்றன. அவை எழுப்பும் மெல்லிய காந்தப்புலத்தை மற்றொரு சுருள் பதிவு செய்கிறது. நன்கு கடத்தும் பொருள் கீழே இருந்தால் அந்த அடையாளம் சற்று நீடிக்கும். வறண்ட கருங்கல்லானால் விரைவில் அடங்கிவிடும்.

ஆனால் செம்புத் தாது மட்டுமா மின்சாரத்தைக் கடத்துகிறது? பென்சிலில் உள்ள கிராபைட்டும் கடத்தும். ஈரக் களிமண்ணும் உப்பு நீரும் கடத்தும். ஆகவே கருவி காட்டுவது ஓர் அடையாளமே. அது எதன் அடையாளம் என்பதை ஆய்வாளரே சிந்தித்து அறியவேண்டும்.

கனடாவில் டெக்சாஸ் கல்ஃப் சல்ஃபர் நிறுவனம் 1957இல் தேடலைத் தொடங்கியது. 15,000 சதுர மைலுக்கும் மேற்பட்ட நிலத்தை வானிலிருந்து ஆராய்ந்து, நூற்றுக்கணக்கான அடையாளங்களைக் கண்டது. எல்லா இடத்தையும் துளையிட முடியுமா? சிலவற்றைத் தேர்ந்து, தரையில் மீண்டும் அளந்தார்கள். 1963 நவம்பரில் டிம்மின்ஸ் நகருக்கருகே ஓரிடத்தில் துளையிட்டபோது செம்பும் துத்தநாகமும் செறிந்த பாறை வெளிவந்தது. அதுவே புகழ்பெற்ற கிட் கிரீக் சுரங்கம்.

இத்தகைய தேர்வுக்கு வேறு அளவைகளும் துணை செய்கின்றன. தாதுப் பாறை கனமானது, கிராபைட் இலேசானது. எனவே புவியீர்ப்பு அளவையால் இரண்டையும் ஓரளவு பிரித்தறியலாம். ஒவ்வொரு சான்றும் ஐயத்தைக் குறைக்கும். முற்றிலும் நீக்குவது துளை ஒன்றே.

நம் மாநிலத்திலும் இம்முறை பயன்பட்டிருக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் சேர்ந்து, 2013-14 வாக்கில், கடலூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அறிய ஹெலிகாப்டர் ஆய்வை மேற்கொண்டன. அங்கும் கடத்தும் அடுக்கு களிமண்ணா, உப்பு நீரா என்ற கேள்வி எழும். கிணறுகளின் விவரங்களோடு ஒப்பிட்டே முடிவு சொல்ல இயலும். கடலை அடுத்து வாழும் நமக்கும் இது பொருந்தும்.

நிலத்தில் மறைந்திருந்த புதையலைப் பற்றி ஆண்டவர் இயேசு சொன்ன உவமையை நாம் அறிவோம். அந்த மனிதன் புதையலைக் கண்ட பிறகே தன் உடைமைகளை விற்றான். நிலத்தை ஆராய்வோரோ காணுமுன்னரே செலவிட வேண்டியிருக்கிறது. ஆகையால் “உறுதியாக இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், “எவ்வளவு உறுதி? வேறென்ன சான்று?” என்று பணிவோடு கேட்கப் பழகுவோம். அக்கேள்வி ஒரு குடும்பத்தின் சேமிப்பையே காக்கக்கூடும்.